பழையாற்றுக்கு ஓர் ஆல்பம்

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. செம்மண் நிறத்தில் வெள்ளம், பாதி மூழ்கிய படித்துறை, அதற்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. கீழே ஒரே ஒரு வரி: 'நம்ம பழையாறு, இப்போ.'

அரைமணி நேரத்தில் குழு ரெண்டுபட்டது. "இது தாழக்குடிலா, அந்தப் படித்துறைய எனக்குத் தெரியும்" என்றார் இரண்டாம் மாடி அண்ணாச்சி. "இல்ல, சுசீந்திரம்" என்றார் ஓர் அக்கா. இன்னொருவர், இது இந்த வருஷத்துப் படமே இல்லை, 2021 நவம்பர் வெள்ளத்தில் எடுத்தது என்றார். வேறொருவர் 2023 டிசம்பர் வெள்ளம் என்றார். படத்தை அனுப்பியவரிடம் கேட்டால், அவருக்கு அது வேறொரு குழுவிலிருந்து வந்ததாம். கடைசிவரை எந்த இடம், எந்த வருஷம் என்று முடிவாகவில்லை. சாயங்காலம் தண்ணீர் மோட்டார் பற்றிய பேச்சு வந்ததும் படம் மேலே போய்விட்டது.

எனக்கு மட்டும் அது மனதை விட்டுப் போகவில்லை. இத்தனை பேர் பிறந்து வளர்ந்த நாட்டின் ஆறு அது. ஒரு படத்தை வைத்துக்கொண்டு அது எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்ல நம்மால் முடியவில்லை. அப்படியானால் தெற்கத்தி ஆறுகளை இதற்கு முன் யார் யார் படமாக்கினார்கள், எப்படிப் படமாக்கினார்கள் என்று தேடிப் பார்த்தேன். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கடைசியில் ஒரு கோரிக்கையும் உண்டு.

தலைப்பு தப்பிய அருவி

நம் பக்கத்து நிலத்தைத் திட்டமிட்டு வரைந்த முதல் வெளிநாட்டு ஓவியர்களில் முக்கியமானவர்கள் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல். 1786-ல் கல்கத்தா வந்து இறங்கிய இவர்கள், 1792-ல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே வந்தார்கள். கேமரா இல்லாத காலம். காட்சியைக் கண்ணாடி வழியாகக் காகிதத்தில் விழவைத்து அதன்மேல் கோடு இழுக்கும் இருட்டுப் பெட்டி ஒன்றைக் கையோடு வைத்திருந்தார்கள். நாடு திரும்பிய பிறகு 1795 முதல் 1808 வரை 144 படங்களை அச்சிட்டு வெளியிட்டார்கள். திருச்சி மலைக்கோட்டையைக் காவிரியிலிருந்து பார்த்து வரைந்த படம் அவற்றில் ஒன்று.

நமக்கு இன்னும் நெருக்கமான படங்களும் அதில் இருக்கின்றன. ஒன்று, களக்காட்டுக்கு அருகிலிருந்து வரைந்தது. அதன் தலைப்பில் 'கன்னியாகுமரி முனை' என்று போட்டிருக்கிறார்கள். களக்காட்டில் நின்று பார்த்தால் முனையா தெரியும்? தெரிவது மலை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி வந்து, நம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வழிவிட்டு, கடலை நோக்கிப் போகிறதே, அந்த மலைவரிசை. நாம் தினமும் பால்கனியில் நின்று பார்க்கும் மலைகளின் உறவுக்காரப் படம் என்று அதைச் சொல்லலாம்.

இன்னொன்று பாபநாசம் அருவி. 1804-ல் வெளியானது. தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் இடம். படத்தின் தலைப்பிலோ 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று அச்சாகியிருக்கிறது! தஞ்சை ஜில்லாவிலும் ஒரு பாபநாசம் உண்டு என்பது உண்மை. ஆனால் காவிரிச் சமவெளியில், வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஊரில் அருவி எங்கிருந்து விழும்? ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த குழப்பமாகத்தான் இருக்க வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுவுக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வம்பு தொடங்கிவிட்டது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் படம் எத்தனை அழகாக இருந்தாலும், தலைப்பை மட்டும் நம்பிய ஒருவர் தப்பான ஆற்றைத் தேடிப் போவார். படம் ஆவணமாக வேண்டுமானால் அதன் கீழே எழுதும் ஒரு வரி சரியாக இருக்க வேண்டும்.

பெரியாற்று நீர் வருவதற்கு முந்திய வைகை

அடுத்தவர் ஒரு பட்டாளத்துக்காரர். லின்னேயஸ் டிரைப் என்று பெயர். 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 கடைசியில் கிளம்பி திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் பாறைகளையும் படமெடுத்தார். அவற்றில் ஒன்று வைகை ஆறும், அதைக் கடந்து மதுரைக்குள் போகும் தரைப்பாலமும். எடுத்த ஆண்டு 1858.

அவர் வைத்திருந்தது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதில் ஒரு படம் பதிய நீண்ட நேரம் வெளிச்சம் விழ வேண்டும். ஓடும் தண்ணீர் அத்தனை நேரத்தில் அசைவெல்லாம் கலைந்து வழுவழுப்பாகத்தான் பதியும். மேகம் பதியவே பதியாது. அதனால் டிரைப் சில நெகட்டிவ்களில் தூரிகையை எடுத்து மேகத்தைத் தானே வரைந்து சேர்த்தார். இன்று பிள்ளைகள் போனில் ஃபில்டர் போடுவதைப் பார்த்து நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த வேலை இங்கே புகைப்படம் வந்த புதிதிலேயே இருந்திருக்கிறது.

இந்த வைகைப் படத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு? மதுரையில் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது 1889-ல். முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே போன பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே திரும்பி வைகையில் சேர்ந்தது 1895-ல். டிரைப் படம் இரண்டுக்கும் முந்தியது. பாலம் வருவதற்கு முன், அண்டை நாட்டு நீர் கலப்பதற்கு முன், வைகை எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்கக் கிடைக்கும் சாட்சி அது. எடுத்த ஆண்டும் இடமும் எழுதிவைத்திருப்பதால்தான் இவ்வளவும் சொல்ல முடிகிறது.

டேனியல்களும் டிரைப்பும் கலைஞர்கள். கூடவே, ஆளவந்தவர்களின் கண்ணும் அவர்களுக்கு உண்டு. ஆற்றைக் கரையில் நின்று, தள்ளி நின்று, ஊருக்கு அழகான முன்புறமாகப் பார்த்தவர்கள். ஆற்றில் இறங்கியவர்கள் நம் காலத்துக் கலைஞர்கள்தான். ஆறுகள் கெட்டுப்போன பிறகு அப்படி இறங்கினார்கள் என்பது இந்தக் கதையின் சங்கடமான பகுதி.

ஆற்றில் இறங்கியவர்கள்

முதலில் நமக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒருவர். அச்சுதன் கூடலூர். 1945-ல் பிறந்தவர். கேரளத்தில் பாரதப்புழையும் தூதப்புழையும் கூடுகிற இடம் அவருடைய ஊர். அதனால்தான் அது கூடலூர். சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்காகச் சென்னைக்கு வந்து, மாலை நேரத்தில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் ஓவியம் பழகியவர். 1988-ல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது பெற்றார். 2022-ல் சென்னையில் காலமானார். அவருடைய பிற்கால ஓவியங்களில் மரம், ஆள், படகு என்று அடையாளம் காட்ட எதுவும் இருக்காது. முழுக்க வண்ணம்தான். நீலத்துக்குள் சிவப்பு கலங்குவதையும், பச்சை மேல் மஞ்சள் ஏறி வருவதையும் பார்க்கும்போது, இரண்டு ஆற்று வெள்ளம் கலக்கும் இடத்தில் வளர்ந்த பையன் ஞாபகம் எனக்கு வரும். இது என் ரசனை, அவர் சொன்னதல்ல. ஆனால் ஆற்றால் பெயர் பெற்ற ஊரைக் கடைசிவரை தன் பெயரோடு வைத்துக்கொண்டார்.

அடுத்தது டெல்லி. யமுனை அங்கே எந்த நிலையில் ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டாம். அந்த யமுனையை வைத்து வேலை செய்த மூன்று பேரைப் பார்ப்போம்.

ரவி அகர்வால் படிப்பால் இன்ஜினியர், தொழிலாலும் ஈடுபாட்டாலும் புகைப்படக் கலைஞர். சூழல் மாசு பற்றி வேலை செய்யும் 'டாக்சிக்ஸ் லிங்க்' என்ற அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. 2007 வாக்கில் அவர் தொடங்கிய ஒரு வேலை யமுனைப் படுகையின் செண்டுமல்லி வயல்களைப் பற்றியது. தோவாளைப் பூச்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆற்றங்கரை வண்டலில் விளையும் பூ, நகரத்துச் சந்தைக்குப் போய் மாலையாகி, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய், வாடியபின் திரும்ப ஆற்றிலேயே வந்து விழுகிறது. ஆறு ஒரு சாக்கடை என்று நகரம் நினைத்துக்கொண்டிருந்தபோது, அதே ஆற்றை நம்பிப் பூ வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அந்தப் படங்கள் காட்டின. பிறகு 2010 காமன்வெல்த் விளையாட்டை ஒட்டியும் வேறு திட்டங்களுக்காகவும் ஆற்றங்கரை உழவர்கள் பலர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 2011-ல் ஜெர்மனியின் எல்பே ஆற்றையும் யமுனையையும் இணைத்து, ஹாம்பர்க்கிலும் டெல்லி ஆற்றங்கரையிலும் நடந்த கலை நிகழ்வை ஒருங்கிணைத்தவர்களில் இவரும் ஒருவர். பின்னால் புதுச்சேரிப் பக்கத்து மீனவர்களோடு பழகி, நம் சங்க இலக்கியத்தின் நெய்தல் திணையைத் துணைக்கு எடுத்துக்கொண்டு கடலைப் பற்றியும் ஒரு வரிசை செய்தார். ஒரு டெல்லிக்காரர் நிலத்தைப் பார்க்க நம் திணையைக் கடன் வாங்கியிருக்கிறார். நாமோ அதைப் பத்து மார்க் கேள்வியோடு விட்டுவிட்டோம்.

அதுல் பல்லா இன்னும் ஒரு படி கீழே போனார். 2005-ல் யமுனையில் தானே மெல்ல மெல்ல மூழ்குவதை, தலையும் தண்ணீருக்குள் போகும் வரை வரிசையாகப் படமாக்கினார். பிறகு 2007-ல் டெல்லிக்குள் யமுனை நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை ஐந்து நாள் கரையோரமாக நடந்து படமெடுத்தார். வடக்கே நாணலும் பறவையுமாக இருக்கும் தண்ணீர், நகரத்தைத் தாண்டும்போது எப்படி ஆகிறது என்பது வரிசையாக வைத்த படங்களில் தானாகத் தெரிகிறது.

விபா கல்ஹோத்ரா தூரிகையில் தோய்க்க வண்ணம் வாங்கவில்லை. யமுனையின் கறுத்த வண்டலையே எடுத்துத் துணியில் பூசினார். ஆற்றின் நிறம் என்ன என்ற கேள்விக்கு ஆற்றையே பதில் சொல்ல வைத்துவிட்டார்.

கூவமும் கொசஸ்தலையாறும்

நம் மாநிலத்திலும் இது நடந்திருக்கிறது. சென்னை கூவம் ஆற்றங்கரையிலேயே ஒரு பெரிய கலைக் காட்சி வைக்க ஜெர்மன் கலாச்சார மையமான கோதே இன்ஸ்டிடியூட் திட்டமிட்டது. பொறுப்பாளர்கள் புளோரியன் மாட்ஸ்னரும் மேலே சொன்ன ரவி அகர்வாலும். ஆற்றங்கரையில் நடத்த அனுமதி கிடைக்காமல், 2018 பிப்ரவரியில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி கட்டடத்துக்குள் அந்தக் காட்சி நடந்தது. நீரைத் தொடர்ந்து தன் பென்சில் ஓவியங்களில் ஆராய்ந்துவரும் சென்னை ஓவியர் பார்வதி நாயர் கலந்துகொண்டவர்களில் ஒருவர். ஆற்றை ஊர் கண்ணெடுத்துப் பார்க்கட்டும் என்று போட்ட திட்டம் ஆற்றைவிட்டுத் தள்ளி நடந்தது. ஆனால் கூவத்தைப் பற்றிப் பேச வைத்தது.

எண்ணூர்ப் பக்கம் ஓடும் கொசஸ்தலையாற்றை எடுத்தவர் மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார். 'பாரி' எனப்படும் ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக் காப்பகத்தின் புகைப்படக் கலைஞர். 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றவர். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த அந்த ஆற்றில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்கி, வெறும் கையால் தடவி இறால் பிடிப்பதையும், பிடித்ததைப் பல்லில் கடித்திருக்கும் ஓலைக் கூடையில் போடுவதையும் அவர் படமாக்கினார். அந்தப் படங்களில் ஆறு பின்னணி இல்லை. அது ஒரு பெண்ணின் வேலையிடம், அவளுடைய கையில் கீறலாகவும் உடம்பில் அரிப்பாகவும் படிகிற இடம். கரையில் நின்று எடுத்தால் இது கிடைக்காது.

படம் ஆற்றைக் காப்பாற்றுமா?

நேர்மையாகச் சொன்னால், காப்பாற்றாது. இத்தனை ஓவியமும் புகைப்படமும் வந்தபிறகும் யமுனை தெளியவில்லை, கூவம் மணக்கவில்லை. பிறகு எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த பதில் என் வீட்டிலிருந்தே வந்தது. என் பாட்டா பழையாற்றில் குடிக்கத் தண்ணீர் கோரிய காலத்தைச் சொல்வார். என் அப்பாவுக்கு அது குளிக்கிற ஆறு. எனக்கு அது ஆடு மாடு குளிப்பாட்டுகிற ஆறு. என் மகளுக்கு அது பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரியும் ஆகாயத்தாமரைப் பச்சை. எங்கள் நாலு பேரில் யாருமே ஆறு கெட்டுப்போனதைப் பார்க்கவில்லை. அவரவர் சின்ன வயதில் பார்த்த ஆறுதான் அவரவருக்கு இயல்பான ஆறு. அதற்கு மேலே கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். நாலு தலைமுறையின் கொஞ்சத்தையும் கூட்டிப் பார்க்க யாரிடமும் படம் இல்லை.

படம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் ஒன்று. லண்டன் தேம்ஸ் ஆற்றையும் அங்குள்ள பனிமூட்டத்தையும் டர்னர், மோனே போன்ற ஓவியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வரைந்தார்கள். மங்கலாக வரைவது அவர்களுடைய பாணி என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஓவியங்களில் ஆண்டுக்கு ஆண்டு மங்கல் கூடுவது அன்றைய நிலக்கரிப் புகை கூடியதோடு ஒத்துப்போகிறது என்று காட்டியது. ஓவியர்கள் அழகுக்காக வரைந்தது, நூறு வருஷத்துக்கு மேலான பிறகு காற்று மாசுக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. அந்த ஓவியங்களுக்கு ஆண்டு தெரிந்திருந்ததால்தான் அந்தக் கணக்கைப் போட முடிந்தது.

அதே மோனே 1891-ல் பிரான்சின் எப்ட் ஆற்றங்கரையில் ஒரு வரிசை பாப்லர் மரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். காலை, மாலை, காற்று, வெயில் என்று இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். பாதி வேலையில் அந்த மரங்கள் ஏலத்துக்கு வந்துவிட்டன. மரவியாபாரிக்குப் பணம் கொடுத்து, வரைந்து முடிக்கும்வரை வெட்டாமல் பார்த்துக்கொண்டார். ஒரே இடத்தில் நின்று, பருவம் மாற மாற மறுபடி மறுபடி பார்த்தால்தான் ஓர் ஆற்றங்கரையை அறிய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மரம் போய்விட்டது, படங்கள் இருக்கின்றன.

நம் ஆற்றுக்கு வருவோம்

ஆரல்வாய்மொழிக்கு வருபவர்கள் எல்லோரும் படமெடுப்பது காற்றாலையைத்தான். முப்பந்தல் தாண்டியதும் காரை ஓரங்கட்டி, இறக்கைகளுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்காதவர் கிடையாது. கணவாய்க் காற்று நமக்கு நல்ல விளம்பரம் தேடித் தந்திருக்கிறது. ஆனால் நாம் குடிப்பதும் நம் வயல் விளைவதும் மறுபக்கத்துத் தண்ணீரால். தோவாளைச் சானலிலும் பழையாற்றிலும் வருவதில், 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையும் பிறகு வந்த பெருஞ்சாணி அணையும் சேர்ந்த கோதையாற்றுப் பாசனத்தின் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் தொடும் மாவட்டம் என்பதால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்த நாடு இது.

பழையாறு பூதப்பாண்டி, தாழக்குடி என்று இறங்கி, நாகர்கோவில் ஒழுகினசேரிப் பாலத்தைத் தாண்டி, நகரத்தின் கழிவையும் சுமந்துகொண்டு சுசீந்திரம் போய், மணக்குடிக் காயலில் கடலைத் தொடுகிறது. வழியில் உள்ள சுசீந்திரம் - தேரூர் குளங்களுக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. பறவைகளைப் படமெடுக்க வெளியூரிலிருந்து பெரிய பெரிய லென்ஸோடு ஆட்கள் வருகிறார்கள். நல்லதுதான். அவர்கள் பறவை வரும் மாதங்களில் வந்து, பறவையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மற்ற மாதங்களில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க உள்ளூர்க்காரர்கள்தான் வேண்டும்.

மணக்குடியில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்துக்கொண்டு போனது. உடைந்த பாலத்தின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நின்றுகொண்டிருந்த பாலத்தின் படம் உங்களில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? என் வீட்டில் இல்லை. எத்தனையோ முறை அதன்மேல் போயிருக்கிறேன். எடுக்கத் தோன்றவில்லை, எப்போதும் அங்கேயேதானே இருக்கும் என்ற நினைப்பு.

கோரிக்கை

நம் செய்தி மடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆண்டுக்கு நாலு இதழ். ஆற்றைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான கணக்கு வேண்டுமா? அடுத்த இதழ் தொடங்கி, ஒவ்வொரு இதழிலும் ஒரு பக்கம் பழையாற்றுக்கு ஒதுக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். நான் நினைத்திருப்பது இவ்வளவுதான்:

நாலு இடம் வைத்துக்கொள்வோம். தாழக்குடி, ஒழுகினசேரிப் பாலம், சுசீந்திரம், மணக்குடிக் காயல். தோவாளைச் சானலில் நமக்குப் பக்கமாக ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலாண்டிலும் அதே இடத்தில், அதே கல்லில் நின்று, அதே திசையைப் பார்த்து, முடிந்தவரை அதே நேரத்தில் ஒரு படம். போன் கேமரா போதும். ஃபில்டர் வேண்டாம். குப்பை இருந்தால் குப்பையோடு, ஆகாயத்தாமரை மூடியிருந்தால் மூடியபடியே எடுங்கள். அழகாக இருக்கும் மூலையைத் தேடிப் போகாதீர்கள்.

படத்தின் கீழே கட்டாயம் மூன்று விஷயம்: இடம், தேதி, எடுத்தவர் பெயர். பாபநாசம் அருவி தஞ்சாவூருக்குப் போன கதை நமக்கு ஆக வேண்டாம்.

வரையத் தெரிந்த பிள்ளைகள் வாட்டர்கலர் எடுத்துக்கொண்டு வரட்டும். ஆற்றை நீலமாக வரைய வேண்டும் என்று பள்ளியில் பழக்கியிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு அது உண்மையில் என்ன நிறம் என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளைத் தனியாக விட வேண்டாம், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பெரியவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். உங்கள் பழைய ஆல்பங்களைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். கல்யாணப் படம், காதுகுத்துப் படம், பிள்ளைகள் ஆற்றில் குளிக்கும் படம். ஆட்களுக்குப் பின்னால் எங்கேயாவது ஆறு தெரியும். பின்பக்கத்தில் தேதி எழுதியிருந்தால் அது புதையல். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, எந்த வருஷம் என்று சொல்லும் ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம். ஸ்கேன் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருவது என் பொறுப்பு.

பத்து வருஷம் இப்படிச் செய்தால் நாற்பது இதழ். இடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் நூற்றறுபது படம். வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஆறு மெலிந்திருந்தால் தெரியும், தெளிந்திருந்தாலும் தெரியும். அதிகாரிகளிடம் மனு கொடுக்கப் போகும்போது 'முன்னே நல்லா இருந்தது சார்' என்று வாயால் சொல்வதற்கும், தேதி போட்ட படங்களை மேஜையில் அடுக்கி வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

முதல் படத்தை நானே எடுத்துவிட்டேன். தாழக்குடிப் பக்கம் போயிருந்தபோது, காலை ஏழு மணிக்கு, படித்துறையின் மேல்படியில் நின்று எடுத்தது. பெரிய அழகான படம் ஒன்றும் இல்லை. பாதி நிழல், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கவர், நடுவில் கொஞ்சம் தண்ணீர். இடமும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் போடும்போது இரண்டாம் மாடி அண்ணாச்சி வந்து பார்த்துக்கொள்ளட்டும், அந்தப் படித்துறைதானா என்று.